அங்கோர் 1431-இல் விழுந்ததா, அதற்கு முன்பே காலியாகிவிட்டதா?

#1 பயணப்பை

போன மாதம் குடும்பத்தோடு கம்போடியா போய்வந்தேன். சியெம் ரீப்பில் நான்கு நாள். அங்கோர் வாட், பேயோன், தா ப்ரோம் என்று எல்லோரும் பார்ப்பதையே நாங்களும் பார்த்தோம். கடைசி நாள் காலையில் வண்டிக்காரர் வேறு வழியில் கூட்டிப்போய், "இதுதான் கிழக்கு பாராய்" என்று கையைக் காட்டினார். பாராய் என்றால் அவர்கள் ஊர்ப் பெரிய ஏரி. 7.5 கிலோமீட்டர் நீளம், 1.8 கிலோமீட்டர் அகலம். 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில் யசோவர்மன் காலத்தில் கட்டியது.

நான் தண்ணீரைத் தேடினேன். கண்ணுக்கு எட்டிய வரை நெல் வயல்தான். நடுவில் கிழக்கு மேபோன் கோயில். அதன் நான்கு பக்கமும் படகுத் துறை இருக்கிறது. துறையில் இறங்கினால் காலடியில் புல். ஒரு காலத்தில் படகில் மட்டுமே வரமுடிந்த கோயிலுக்கு நாங்கள் காரில் போய் இறங்கினோம். என் மகள் படியில் உட்கார்ந்து, "தண்ணி எங்கப்பா போச்சு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

கையில் இருந்த வழிகாட்டிப் புத்தகம் ஒரே வரியில் முடித்துவிட்டது: 1431-இல் அயுத்தயா (இன்றைய தாய்லாந்தில் இருந்த சயாம் அரசு) படை கெமர் பேரரசின் தலைநகரான அங்கோரைப் பிடித்தது, பேரரசு முடிந்தது. ஒரு படையெடுப்பால் இவ்வளவு பெரிய ஏரி வற்றுமா? அறுநூறு வருஷம் நின்ற அரசு ஒரே முற்றுகையில் போய்விடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சேரலன்

நல்ல கேள்வி நண்பரே. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சூரியவர்மன், ஜெயவர்மன் என்று பெயர்களைப் பார்த்தாலே அவர்கள் பல்லவ வழி என்று தெரிகிறது. எழுத்தும் பல்லவ எழுத்துதான். அங்கோர் வாட் நம் முன்னோர் கட்டியது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அப்புறம், சைவமும் வைணவமும் இருந்தவரை அந்த அரசு பலமாக இருந்தது, பௌத்தம் வந்தபின் போர்க்குணம் குறைந்து எதிரியிடம் தோற்றது என்றும் படித்தேன். இது சரியா?

#3 கல்லெழுத்து

சேரலன், உங்கள் ஆர்வம் எனக்குப் புரிகிறது. நானும் கல்லூரியில் படித்தபோது இப்படித்தான் நம்பினேன். ஆனால் அங்கோரைக் கட்டியவர்கள் கெமர் மக்கள். கல் வெட்டியவர், சுமந்தவர், செதுக்கியவர், கட்டளையிட்ட அரசர் எல்லோரும் அந்த மண்ணில் பிறந்தவர்கள். இதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் உண்மையான தொடர்பின் அழகும் தெரியும்.

எழுத்து விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கெமர் எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது. ஆனால் அதை வாங்கிக்கொண்டு அவர்கள் தங்கள் மொழியை எழுதினார்கள். அவர்களின் கல்வெட்டுகளில் கடவுள் துதியும் அரசன் புகழும் சமஸ்கிருதச் செய்யுளில் வரும். நிலம் எவ்வளவு, நெல் எவ்வளவு, கோயிலுக்கு யார் யார் வேலையாள் என்ற கணக்கு கெமர் உரைநடையில் வரும். நம் சோழர் செப்பேடுகளில் வம்சப் புகழ் சமஸ்கிருதத்திலும், எல்லை, வரி, ஊர்க்கணக்கு தமிழிலும் இருக்கிறதே, அதே வழக்கம்.

லோலெய் கோயிலின் வாசல் நிலைக்கற்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் உயரத்துக்கு இரண்டு பக்கமும் நெருக்கமாக எழுத்து, ஒவ்வொன்றும் கடுகு போல. பெரும்பாலும் அது பெயர்ப்பட்டியல். ஆடுபவர், பாடுபவர், சமைப்பவர், வயலில் வேலை செய்பவர். வளர்பிறைக்கு ஒரு அணி, தேய்பிறைக்கு ஒரு அணி என்று முறை வைத்து வேலை செய்தார்கள். கெமர் கல்வெட்டுகளில் வரும் வேலையாட்களில் சிலருக்கு நாய், பூனை என்றெல்லாம் பெயர். அரசனுக்கு 'வர்மன்', அவருக்கு 'நாய்'. அந்தக் கல் முன்னால் நின்றபோது எனக்கு அரசனின் பெயர் ஞாபகத்தில் இல்லை.

சரி, தொடக்கத்துக்கு வருகிறேன். கி.பி. 802-இல் குலேன் மலைமேல் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைச் சக்கரவர்த்தியாக முடிசூட்டிக்கொண்டான். இது நமக்குத் தெரிவது 250 வருஷம் கழித்து, 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் வெட்டப்பட்ட ஸ்தோக் காக் தோம் கல்வெட்டு மூலம். அதை வெட்டியவர்கள் அந்தச் சடங்கைத் தொடர்ந்து நடத்தும் உரிமை பெற்ற அரச புரோகிதரின் வம்சத்தார். தங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த உரிமையைப் பதிவு செய்ய எழுதினார்கள். அதனால் பேரரசின் பிறப்புக் கதையைப் புரோகிதக் குடும்பத்தின் கண்ணால் பார்க்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் மலைமேல் நகரம் இருந்தது கதை இல்லை. 2012-இல் விமானத்திலிருந்து லேசர் அளவீடு செய்தபோது, காட்டுக்கு அடியில் மகேந்திரபர்வதம் என்ற அந்த நகரத்தின் நேர்க்கோட்டுத் தெருக்கள் தெரிந்தன.

சோழர் தொடர்புக்கு இரண்டு நல்ல சான்று இருக்கிறது. ராஜேந்திர சோழனின் கரந்தைச் செப்பேட்டில், காம்போஜ (கம்போடிய) அரசன் தன் அரசுரிமையைக் காத்துக்கொள்ள நட்பு வேண்டி ஒரு தேரை அனுப்பினான் என்று வருகிறது. அப்போது அங்கே ஆண்டவன் முதலாம் சூரியவர்மன். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1114 அளவில், காம்போஜ அரசன் காட்டிய ஒரு கல்லை முதலாம் குலோத்துங்கன் சிதம்பரம் கோயிலில் பதிக்கச் செய்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. இரண்டு அரசுகளும் ஒன்றை ஒன்று மதித்தன. ஒன்று மற்றொன்றைக் கட்டவில்லை.

#4 சேரலன்

நன்றி ஐயா. அந்தச் சிதம்பரம் கல் விஷயம் எனக்குப் புதிது. நான் பகிர்ந்த பழைய பதிவை நீக்கிவிடுகிறேன். ஆனால் பௌத்தம் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது.

#5 பினாங்கு வாசி

பௌத்தம் பற்றி நான் சொல்கிறேன்.

பேரரசின் மிகப் பெரிய பரப்பும், மிக அதிகமான கட்டடமும், மிகக் கடுமையான போரும் ஒரு பௌத்த அரசன் காலத்தில்தான். ஏழாம் ஜெயவர்மன், மகாயானம் என்ற பிரிவைச் சேர்ந்த பௌத்தன். சீனக் குறிப்புப்படி 1177-இல் சம்பா நாட்டார் (இன்றைய வியட்நாம் பகுதியில் இருந்தவர்கள்) படகுகளில் வந்து தலைநகரைச் சூறையாடினார்கள். அவன் அவர்களை எதிர்த்துப் போரிட்டு 1181-இல் முடிசூடினான். பிறகு சம்பாவையே தன் கையில் கொண்டுவந்தான். பேயோன் சுவரில் அந்தப் படகுப் போர் செதுக்கியிருக்கிறது. மேலே ஈட்டி வீரர்கள், கீழே தண்ணீரில் விழுந்தவனை முதலை கவ்வுகிறது, சுற்றிலும் மீன். போர்க்குணம் குறைந்த மதம் என்று அந்தச் சுவர் முன்னால் நின்று யாராலும் சொல்லமுடியாது.

அவனுக்கு முன்னால் இருந்தவர்களில் பெரும்பாலோர் சைவர். அங்கோர் வாட் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் வைணவன். இவர்கள் காலத்திலும் பௌத்தத் துறவிகள் இருந்தார்கள். பௌத்த அரசர் காலத்திலும் அரண்மனையில் பிராமணர் இருந்தார்கள். 1296-இல் சீனத் தூதுக் குழுவோடு வந்து ஏறக்குறைய ஒரு வருஷம் தங்கிய சோ தாகுவான், பண்டிதர், மஞ்சள் உடை பிக்குகள், சிவனைக் கும்பிடும் தவசிகள் என்று மூன்று கூட்டத்தாரையும் ஒரே நகரத்தில் பார்த்து எழுதியிருக்கிறார்.

சண்டையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 13-ஆம் நூற்றாண்டில் ஏழாம் ஜெயவர்மன் கட்டிய கோயில்களில் புத்தர் உருவங்களைக் கொத்தி எடுத்திருக்கிறார்கள். சிலவற்றைத் தவசியாகவும் லிங்கமாகவும் மாற்றினார்கள். இது எட்டாம் ஜெயவர்மன் காலத்து வேலை என்பது பெரும்பாலோர் கருத்து. பேயோனின் நடுக் கருவறையில் இருந்த பெரிய புத்தரை உடைத்து அடியில் இருந்த குழியில் போட்டிருந்தார்கள். 1933-இல் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினார்கள். இப்போது அங்கோர் தோம் என்ற மதில் நகருக்குள் ஒரு சின்னக் கூரையின் கீழ் அந்தப் புத்தர் இருக்கிறார். ஊதுவத்தி வைக்கிறார்கள், பூ வைக்கிறார்கள். கழுத்தில் ஒட்டின கோடு தெரியும். பெரிய கோயில்களைவிட எனக்கு அந்த இடம்தான் மனதில் நிற்கிறது.

மாற்றம் வேறு ஒன்றில் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேரவாதம் என்ற இன்னொரு பௌத்தப் பிரிவு அரண்மனை வரை வந்துவிட்டது. 1309-இல் பாலி மொழியில் முதல் கல்வெட்டு. 1327-க்குப் பிறகு சமஸ்கிருதக் கல்வெட்டே நின்றுபோகிறது. கடைசியாகத் தேதியோடு கட்டிய கற்கோயில் மங்களார்த்தா, 1295-இல், அதுவும் சின்னது. தேரவாத பிக்கு காலையில் பாத்திரம் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருவார். அவருக்கு மர விகாரை போதும். அரசன் கடவுளின் அம்சம், அவன் பெயரில் கல் மலை எழுப்பவேண்டும் என்ற தேவையே போய்விட்டது. இதை வீழ்ச்சி என்று சொல்வதா? வயலில் இருந்தவனுக்கு அது சுமை குறைந்தது. கோயிலைச் சார்ந்து நின்ற நிர்வாகத்துக்கு அது அடித்தளம் போனது.

#6 பயணப்பை

சுமை என்றீர்களே, எவ்வளவு பேர் வேலை செய்தார்கள் என்று கணக்கு உண்டா?

#7 கல்லெழுத்து

உண்டு. தா ப்ரோம் 1186-இல் ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக, பிரக்ஞாபாரமிதை என்ற பௌத்த ஞான தேவியின் வடிவில், எழுப்பியது. அந்தக் கல்வெட்டின்படி கோயிலுக்குள் தங்க உரிமை பெற்றவர்கள் 12,640 பேர். அதில் ஆடுபவர் மட்டும் 615 பேர். வெளியே 3,140 ஊர்கள், 79,365 பேர் இந்த ஒரு கோயிலுக்காக உழைத்தார்கள். ஒப்பிடவேண்டும் என்றால், தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடல் மகளிர், 400 பேர்.

இதே கல்வெட்டு நாடு முழுக்க 102 ஆரோக்கியசாலைகள் இருந்ததாகச் சொல்கிறது. மருத்துவமனைக் கல்வெட்டுகளில் மருந்துப் பட்டியலே இருக்கிறது: தேன், எள், கற்பூரம், ஏலம், இஞ்சி. மக்களின் உடல்நோய் அரசனுக்கு மனநோய் ஆனது என்று அவற்றில் ஒரு செய்யுள் வரும். நம் பக்கத்தில் வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டில் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை (மருத்துவமனை) வருகிறது. அங்கே 102 மருத்துவமனைகள். சாலையோரம் 121 தங்குமிடங்கள்.

இதை நான் பாராட்டாமல் இருக்கமுடியாது. ஆனால் ஒரு முப்பது நாற்பது வருஷத்துக்குள் இத்தனையும், கூடவே 12 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அங்கோர் தோம் மதிலும், பேயோனும், பிரயா கான் கோயிலும், இன்னொரு பாராயும். பேயோனில் சில இடங்களில் கல் சரியாகப் பொருந்தாமல் அவசரமாக அடுக்கியது தெரியும். ஒரு தலைமுறையின் தோளில் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் அளவு இருக்கிறது அல்லவா?

#8 மதகடி

வணக்கம். முப்பது வருஷம் ஏரிப் பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். பயணப்பை அவர்களின் மகள் கேட்ட கேள்விக்காகவே எழுதுகிறேன்.

நம் ஏரி எப்படி? சரிவான நிலத்தில் மேல் பக்கத்தைத் திறந்து விட்டு, கீழ்ப் பக்கம் பிறை மாதிரி கரை போடுவோம். ஓடி வரும் தண்ணீர் தானாக வந்து நிற்கும். பாராய் அப்படி இல்லை. தரைமட்டத்துக்கு மேலே நான்கு பக்கமும் கரை எழுப்பிய நீள்சதுரம். அதனால் தண்ணீரைக் கால்வாய் வெட்டித்தான் கொண்டுவர வேண்டும். வரத்துக் கால்வாய் அடைபட்டால் பாராய் செத்துப்போகும்.

அந்த நில அமைப்பைச் சொல்கிறேன். வடகிழக்கில் குலேன் மலை, தென்மேற்கில் தொன்லே சாப் ஏரி. இடையில் மிகச் சிறிய சரிவு. மலைத் தண்ணீரை நகரத்துக்கு வடக்கே மறித்து, திருப்பி, பாராய்களில் நிறுத்தி, தெற்கே வயல்களுக்கு விட்டு, மிச்சத்தை ஏரியில் சேர்த்தார்கள். தொடங்கியது இந்திரவர்மன், 877-இல் பட்டத்துக்கு வந்தவுடனே. அவன் கட்டிய இந்திரதடாகம் 3.8 கிலோமீட்டர் நீளம். அவன் மகன் யசோவர்மன் அதைப்போல் இரண்டு மடங்கு நீளத்துக்குக் கிழக்கு பாராய் கட்டினான். 11-ஆம் நூற்றாண்டில் மேற்கு பாராய், 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டருக்கு மேல் அகலம். இதில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. ஊர்ச் சனம் ஞாயிற்றுக்கிழமை போய்க் குளிக்கிறார்கள்.

பாராய் பாசனத்துக்கா, அரசனின் பெருமைக்கா என்று 1980-களில் பெரிய சண்டையே நடந்தது. பிரெஞ்சு அறிஞர் குரோலியே 1979-இல் அங்கோர் ஒரு 'நீர் நகரம்' என்றார். மதகே காணோமே என்று மற்றவர்கள் மறுத்தார்கள். பிறகு வரைபடம் போடப் போட, வாய்க்கால், கரை, திருப்பம் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்த வலை என்று தெளிவானது. 2007-இல் வெளியான வரைபடத்தில் ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் வீடும் குளமும் வயலுமாக நகரம் பரவியிருக்கிறது. உச்சக் காலத்தில் 7 லட்சம் முதல் 9 லட்சம் பேர் வாழ்ந்தார்கள் என்பது 2021-இல் வந்த கணிப்பு.

கரை கட்டத் தெரிந்தவர்கள் எப்போதும் சரியாகக் கட்டினார்கள் என்றும் இல்லை. 10-ஆம் நூற்றாண்டில் நான்காம் ஜெயவர்மன் தலைநகரைக் கோ கெருக்கு மாற்றினான். அங்கே 7 கிலோமீட்டர் கரை போட்டார்கள். கலங்கல் போதவில்லை. வரும் தண்ணீரைக் கழிக்க வழி இல்லாமல் கரை மேல் வழிந்து, கட்டிய கொஞ்ச காலத்திலேயே உடைந்தது. 944-இல் தலைநகர் மறுபடி அங்கோருக்கே வந்தது. ஏரிக்காரனுக்குக் கலங்கல் அளவுதான் உயிர்.

#9 பயணப்பை

ஐயா, தொடருங்கள். கிழக்கு பாராய் எப்படிப் போனது?

#10 மதகடி

சாப்பிட்டுவிட்டு வந்தேன், தொடர்கிறேன்.

முதல் காரணம் வண்டல். காடு வெட்டின மேட்டிலிருந்து வரும் தண்ணீர் சும்மா வராது, மண்ணோடு வரும். வருஷா வருஷம் தூர் எடுக்கவேண்டும். 7.5 கிலோமீட்டர் நீளப் பாராயில் தூர் எடுப்பது எளிதா? கிழக்கு பாராய்க்குப் பக்கத்திலேயே இன்னும் பெரிதாக மேற்கு பாராய் கட்டினார்கள். பழையதைப் பராமரிப்பதைவிடப் புதியதைக் கட்டுவது அரசனுக்குப் பெயர் தரும். எந்த ஊரிலும் நடக்கிற விஷயம்தான்.

இரண்டாவது, வானம். தெற்கு வியட்நாம் மலைக்காட்டில் பல நூற்றாண்டு வயதுள்ள சைப்ரஸ் மரங்களின் வளையங்களை அளந்து 2010-இல் முடிவு வெளியிட்டார்கள். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் பல பத்தாண்டுக்கு நீண்ட வறட்சி. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு வறட்சி, சின்னது ஆனால் கடுமையானது. இடையில் பேய்மழை பெய்த வருஷங்கள். மக்கள் வறட்சியைத்தான் நினைப்பார்கள். எனக்குப் பயமாகப் பட்டது இடையில் வந்த மழை. வறட்சிக் காலத்தில் தண்ணீர் குறைந்ததால் வாய்க்காலை மாற்றி அமைத்திருப்பார்கள், சிலதை அடைத்திருப்பார்கள், கரைகளைக் கவனித்திருக்கமாட்டார்கள். அந்த நிலையில் வெள்ளம் வந்தால் ஓர் இடத்தில் உடையும். அங்கே உடைந்த வேகம் அடுத்த இடத்தை உடைக்கும். ஒன்றோடு ஒன்று பின்னிய வலை என்றேனே, வலையின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? அங்கோர் தோமுக்குக் கிழக்கே, தா கேவ் போகும் வழியில் 'ஸ்பியான் த்மா' என்ற கல் பாலம் இருக்கிறது. கோயில்களிலிருந்து எடுத்த கற்களை அடுக்கிக் கட்டியது. பூ வேலை செய்த கல் தலைகீழாகக் கூடப் பதிந்திருக்கும். ஆனால் ஆறு இப்போது பாலத்துக்கு அடியில் ஓடவில்லை. பக்கத்தில், பல மீட்டர் ஆழத்தில் மண்ணை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. பாலம் மேட்டில் தனியாக நிற்கிறது. அந்த ஆற்றின் மேல் பகுதியே மனிதர் திருப்பிவிட்ட கால்வாய். திருப்பிய கால்வாய் வெள்ளத்தில் தன் அடியைத் தானே தோண்டிக்கொண்டு இறங்கிவிட்டால், அதிலிருந்து பிரிகிற வாய்க்கால்களின் வாய் எல்லாம் உயரத்தில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஆற்றில் தண்ணீர் இருக்கும், வாய்க்காலில் ஏறாது.

எங்கள் பக்கம் ஒரு சின்ன ஏரியில் இதே மாதிரி நடந்ததை நான் பார்த்தேன். ஓடை அரை ஆள் ஆழம் இறங்கியதற்கே நாலு ஊர் விவசாயிகள் மணல் மூட்டை அடுக்கி ராத்திரி முழுக்க நின்றோம். அங்கே பல மீட்டர். எத்தனை பேர் எத்தனை ராத்திரி நின்றிருப்பார்கள் என்று நினைத்தேன். பாலத்தின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

பாப்பாவுக்குச் சொல்லுங்கள்: தண்ணீர் எங்கேயும் போகவில்லை. அதை ஏரிக்கு அழைத்துவந்த வழி இறங்கிப்போய்விட்டது.

#11 நிழற்குடை

மதகடி ஐயா, அருமையான விளக்கம். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று முடித்துவிடக் கூடாது. அதே வறட்சி அயுத்தயா இருந்த இடத்துக்கும் வந்தது. ஆனால் 1351-இல் தொடங்கிய அயுத்தயா அதே காலத்தில்தான் வளர்ந்தது. ஏன்? அது கடலுக்குப் போகும் பெரிய ஆற்றின் மேல் இருந்தது. அரிசியை நம்பியது போலவே கப்பலையும் நம்பியது.

14-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சீனாவில் மிங் அரசு வந்தது. கெமர் அரசும் 1371-லிருந்து அங்கே அடிக்கடி தூது அனுப்புகிறது. கடல் வணிகத்தில் காசு இருக்கிறது என்று அவர்களுக்கும் புரிந்திருந்தது. அங்கோரோ உள்நாட்டில், வயலுக்காக அமைந்த ஊர். நான்கு ஆற்று முகங்கள் சேரும் நோம் பென் பக்கத்திலிருந்து மேகோங் வழியாகக் கடலுக்குப் போகலாம். 15-ஆம் நூற்றாண்டில் அரசவை அங்கேதான் நகர்கிறது. அதை ஓடிப்போனார்கள் என்று மட்டும் எழுதினால் அவர்களின் புத்தியைக் குறைத்து மதிப்பிடுகிறோம்.

சயாம் போரும் 1431-இல் திடீரென்று வந்ததில்லை. 1296-இல் வந்த சோ தாகுவானே, அண்மையில் சயாமியரோடு நடந்த போரில் நாடு பாழாகக் கிடக்கிறது என்று எழுதுகிறார். அதே ஆள் அந்த நகரத்துச் சந்தையையும் எழுதியிருக்கிறார்: வியாபாரம் செய்வது எல்லாம் பெண்கள், கடை என்று கிடையாது, தரையில் பாய் விரித்துப் பொருளைப் பரப்பி வைப்பார்கள், காலையில் கூடி நண்பகலில் கலைந்துவிடும். போரும் இருந்தது, சந்தையும் கூடியது.

#12 மதகடி

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. அயுத்தயா வாதம் பலமானது. என் பக்கத்தில் நின்று இப்படிச் சொல்வேன்: வறட்சி இரண்டு ஊருக்கும் வந்தது. ஒரு ஊரின் வாழ்வு முழுக்க கால்வாயில் இருந்தது, இன்னொன்றுக்கு வேறு பிழைப்பும் இருந்தது. போக இடம் இருந்தவர்கள் போனார்கள். நீங்கள் சொல்லும் வணிகம் அந்த இடம் எது என்பதைக் காட்டுகிறது.

#13 கல்லெழுத்து

தலைப்புக் கேள்விக்கு நேரடிச் சான்று ஒன்று இருக்கிறது. அங்கோர் தோம் அகழியின் அடிச்சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, அடுக்கு அடுக்காக ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். சுற்றுப்புறத்தில் நிலம் உழுவது, தீ வைத்துக் காடு திருத்துவது, மண் அரித்து வருவது எல்லாம் 14-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளிலிருந்தே படிப்படியாகக் குறைகிறது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அகழி பாசியும் செடியும் மூடிக் கிடந்தது. தலைநகரின் மதிலை ஒட்டிய அகழி! அதைச் சுத்தம் செய்ய ஆள் இல்லை, அல்லது கேட்க ஆள் இல்லை.

அதாவது 1431-இல் அயுத்தயா படை வந்தபோது, நூறு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டிருந்த நகரத்துக்குத்தான் வந்தது. லோலெய் வாசலில் பெயர் எழுதப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அதற்குள் மூட்டை கட்டியிருப்பார்கள். மேலிடத்து ஆட்கள், பெரிய குடும்பங்கள் முதலில் போயிருக்கவேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. நகரத்தின் நடுவில்தான் நடமாட்டம் முதலில் குறைகிறது.

#14 சேரலன்

அப்படியானால் அதற்குப் பிறகு அங்கே யாருமே இல்லாமல், 1860-இல் பிரெஞ்சுக்காரர் மூஓ வந்துதான் காட்டுக்குள் கண்டுபிடித்தார் என்பது?

#15 பினாங்கு வாசி

அதுவும் தவறுதான். 16-ஆம் நூற்றாண்டில் ஆங் சான் என்ற கெமர் அரசன் அங்கோர் வாட்டில் பாதியில் நின்ற வடகிழக்குச் சிற்பச் சுவர்களை முடிக்கச் செய்தான். 1546 முதல் 1564 வரை அந்த வேலை நடந்தது. விஷ்ணு அசுரரை வெல்லும் காட்சி, பாணாசுரன் கதை. பௌத்த நாட்டில், பௌத்த அரசன் ஒருவன், 400 வருஷத்துக்கு முந்தைய விஷ்ணு கோயிலின் வேலையை எடுத்து முடித்திருக்கிறான். உளி வேலை பழையதைவிடச் சுமார்தான், பார்த்தாலே தெரியும். ஆனால் முடித்தான். 1632-இல் ஜப்பானிலிருந்து வந்த ஒரு பக்தர், தன் பெற்றோருக்காக வேண்டிக்கொண்டு நான்கு புத்தர் சிலைகள் வைத்ததாகத் தூணில் மையால் எழுதியது இன்றும் மங்கலாகத் தெரிகிறது. அங்கோர் வாட் ஒரு நாளும் கைவிடப்படவில்லை. மூஓ போனபோதும் அங்கே பிக்குகள் இருந்தார்கள்.

#16 பயணப்பை

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. மகளுக்கு மதகடி ஐயாவின் பதிலைப் படித்துக் காட்டினேன். பாலத்தின் படம் வேண்டும் என்கிறாள். இருந்தால் யாராவது போடுங்கள். கடைசியாக ஒன்று: அயுத்தயா படை அங்கிருந்து என்ன எடுத்துப்போனது?

#17 பினாங்கு வாசி

ஆட்களை, முக்கியமாக அரண்மனைக் கலைஞர்களை. அதோடு வெண்கலச் சிலைகளை. அதில் ஆறு மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவை போன வழியைக் கேளுங்கள். அங்கோரிலிருந்து அயுத்தயாவுக்கு. 16-ஆம் நூற்றாண்டில் பர்மியர் அயுத்தயாவைப் பிடித்தபோது அவர்கள் தலைநகர் பெகுவுக்கு. பெகுவை, மேற்கே கடலோரத்தில் இருந்த அரக்கான் நாட்டு அரசன் சூறையாடியபோது அரக்கானுக்கு. 1784-இல் அரக்கானைப் பர்மிய அரசன் போதாபாயா வென்றபோது, அங்கிருந்த மகாமுனி என்ற புத்தர் சிலையோடு சேர்த்து இன்றைய மண்டலே பக்கம்.

இப்போது மண்டலேயில் மகாமுனி கோயிலில் ஒரு தனி மண்டபத்தில் நிற்கின்றன. மூன்று சிங்கம், மூன்று தலை ஐராவதம் ஒன்று, துவாரபாலகர் போல இரண்டு வீரர்கள். நான் போன வருஷம் போனேன். உடம்பில் எங்கே வலியோ, சிலையில் அதே இடத்தைத் தேய்த்தால் குணமாகும் என்று அந்த ஊர் நம்பிக்கை. வீரனின் வயிறும் முழங்காலும் தங்கம் போலப் பளபளக்கின்றன, கை படாத முதுகு கருத்துக் கிடக்கிறது. எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றார். முதலில் சிலையின் முழங்காலைத் தேய்த்தார், பிறகு தன் முழங்காலை, மறுபடி சிலையின் முழங்காலை. அவர் முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு நானும் கை வைத்தேன். வெண்கலம் சூடாக இருந்தது.